ரிக் வண்டிக் கைச்சாடை

அண்ணா,

நீங்களும் என் வீட்டுக்காரரும் ஏன் பேச்சை விட்டீர்கள் என்று நான் கிளறவில்லை. படிக்காமல் மட்டும் கிழித்துவிடாதீர்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இதற்குப் புது மருந்தை ஆராய்ச்சி செய்கிறார்கள். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "உங்க சம்மதம் பத்தாதுங்கம்மா, அவரே சொல்லணும்" என்றார் டாக்டர்.

அவரிடமே கேட்டார்கள். அவர் இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி, மணிக்கட்டைச் சுழற்றினார். மறுபடி கேட்டபோதும் அதேதான். "ஒண்ணும் புரியலையே" என்று அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்கள்.

நீங்கள் இருவரும் ஒரே ரிக் வண்டியில் போர்வெல் போட்ட காலத்தில், கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சு கேட்காமல் காட்டிக்கொண்ட சாடை அது. குழாயை இறக்கு என்பதா, மெஷினை நிறுத்து என்பதா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சாடை தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வாங்க, மறுபடி கேட்கலாம்" என்று நர்ஸ் சொன்னார். உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? நிறுத்து என்றுதான் சொல்கிறார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"அண்ணனை வரச் சொல்லட்டுங்களா?" என்று நேற்று அவரிடம் கேட்டேன். அதற்கும் அதே சாடையைத்தான் காட்டினார்.

அர்த்தம் தெரியாமலேயே கூப்பிடுகிறேன். வாங்கண்ணா.

வழி பார்த்திருக்கும்
தங்கச்சி,
திருச்செங்கோடு