எண்ணாமல் விட்ட சுற்று

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் தலைக்குத் தேய்க்க விளக்கெண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டாள். எண்ணெய் தீய்ந்து மாடிப்படி முழுக்க ஒரே நாற்றம். எல்லார் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கதவை நன்றாகத் திறந்துவைத்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ரேஸ் அன்றைக்கு உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற எண்ணெய் அல்லவா அது! தாம்பரம் மார்க்கெட்டில் எண்ணெய்க் கடைக்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார்: "இவ்ளோ விளக்கெண்ணெய்யா? வூட்ல அத்தினி பேருக்குமா பேதிக்குக் குடுக்கறீங்க டீச்சர்?" நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு வருவேன்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேராகச் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். "விஷயத்துக்கு வாம்மா" என்று அவசரப்படுத்த இப்போது நீங்களும் இல்லை.

முதன்முதலாக என்னை அந்த ரேஸுக்குக் கூட்டிப் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், நமக்குக் கல்யாணமான வருடம். பட்டணத்துக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டு, பிறகு சும்மா கிடந்த சிமெண்ட் ஓடுபாதை. நீங்கள் விடியற்காலையில் வண்டியிலேயே கிளம்பிவிட்டீர்கள். நான் சாப்பாட்டுக் கேரியரோடு தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால், ஆபீஸுக்குப் போகிற அதே வண்டியிலிருந்து முன் விளக்கைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விளக்கைக் கழற்றினால் ரேஸ் வண்டி, சாயங்காலம் மாட்டினால் திரும்பவும் ஆபீஸ் வண்டி. இதற்குத்தானா ஒரு மாதமாக வீட்டில் தூக்கமில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும், அதற்குள் யார் அதிகச் சுற்று சுற்றுகிறாரோ அவருக்குத்தான் கோப்பை என்றீர்கள். "செக்குமாடுகூட நடுவுல நின்னு மூச்சு வாங்குமே" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொப்பி போட்ட துரைமார் நாலைந்து பேர், குடையும் மடக்கு நாற்காலியுமாக அவர்கள் வீட்டுப் பெண்கள், ஓட்டுகிறவர்களின் சொந்தக்காரர்கள், வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். யாராவது ஜெயித்தால் மெதுவாகக் கை தட்டுவார்கள், சர்ச்சில் பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்ததும் தட்டுவார்களே, அந்த மாதிரி.

மறுவருடமே என்னையும் வேலைக்குச் சேர்த்துவிட்டீர்கள். சுற்றுகளை எண்ண ஆள் வேண்டுமாம். ஓட்டுகிறவர்களின் மனைவி, தங்கை என்று பெண்களைத்தான் அந்தக் கூடாரத்தில் உட்கார வைப்பார்கள். நான் வேறு கணக்கு டீச்சர், விடுவார்களா! ஆளுக்கு இரண்டு வண்டி. நம் வண்டி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தாளில் ஒரு கட்டத்தில் கோடு போட்டு, பெரிய கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறிக்க வேண்டும். ஒரே ஒரு சட்டம்: சொந்த வீட்டு வண்டியை எண்ணக் கூடாது. கை கூசாமல் ஒரு கோடு கூடப் போட்டுவிடுவோம் என்ற பயம். அதனால் உங்களோடு போட்டி போடுகிறவர்களின் தாள்தான் என் கைக்கு வரும். இதில் இருந்த கோளாறு அங்கே ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் மண்டையிலும்தான்.

அறுபதுகளின் நடுவில் பாருங்கள், எங்கிருந்துதான் வந்தார்களோ! தாம்பரத்திலேயே ரயில் பெட்டி நிரம்பிவிடும். காலேஜ் பையன்கள் பெட்டியைத் தட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களின் நம்பரைச் சொல்லிக் கத்துவார்கள். லாரி லாரியாக ஆட்கள், கடலை வண்டி, ஐஸ் பெட்டி, பனைமரத்தில் பாதி உயரத்தில் நாலு பேர். கைதட்டல் போய் விசில் வந்தது. ஒரு கயிறுதான் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறு ஒவ்வொரு மணி நேரமும் ஓடுபாதையை நோக்கி ஓர் அடி நகர்ந்து வரும். உங்களுக்கு அது பிடித்திருந்தது. "ஜனம் இருந்தாத்தான் வண்டியே ஓடுது" என்றீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஒரு வருடத்தில்தான் இரும்புலியூர்க்காரரின் தாள் என்னிடம் வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி பட்டறையில் ஃபிட்டர். தானே கோத்துச் சேர்த்த வண்டியில் வந்து, மூன்று மணி நேரமாக உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசி மணி நேரத்தில் நீங்கள் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. தூரத்து வளைவில் கூட்டம் கயிற்றைத் தாண்டிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நான் எழுந்து நின்று அந்த வளைவையே பார்த்தேன். வாய் ஏதோ ஜெபம் சொன்னது. குறுக்கே ஓடினவர்களுக்காக வேகத்தைக் குறைத்துவிட்டு நீங்கள் முழுசாக வந்து சேர்ந்தீர்கள். நான் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். இதற்கு நடுவில் இரும்புலியூர்க்காரர் என் முன்னால் ஒரு முறை போயிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

முடிந்ததும் நேரக் கணக்குப் பார்க்கிற பெரியவர் தாள்களைச் சேர்த்துப் பார்த்தார். "இங்க ரெண்டு கோட்டுக்கு நடுவுல டைம் டபுளா இருக்கேம்மா, ஏன்?" என்று கேட்டார். வெளியே கூட்டம் அதற்குள் உங்கள் நம்பரைச் சொல்லிக் கூச்சல் போடுகிறது. நான் தாளைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது, "பெட்ரோலுக்கு நின்னிருப்பார் சார்." அவர் பெட்ரோலுக்கு நின்றது ஒரே தடவை. அதை வேறொரு இடத்தில் என் கையெழுத்திலேயே குறித்திருந்தேன். பெரியவர் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் தாக்குப் பிடித்தேன். கோப்பையைப் பார்க்க வராத ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, நீங்கள் அதற்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நீங்கள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை சுத்து?"

"ஒண்ணு."

"கேட்டப்போ தெரிஞ்சே சொன்னியா?"

"பாதி தெரிஞ்சு."

"பாதி தெரிஞ்சுன்னா என்ன அர்த்தம்? நீ கணக்கு டீச்சர்தானே!"

அப்படி ஒரு கோபத்தை உங்களிடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், "கிளம்பு" என்றீர்கள். கோப்பையைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்து, பின்னால் உட்கார வைத்து இரும்புலியூருக்கு ஓட்டினீர்கள்.

அவர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "தெரியும் சார். நம்ம பசங்க கயித்தாண்ட நின்னு எண்ணிக்கினுதான் இருந்தானுங்க. அந்தப் பெரியவராண்ட போய்ச் சொன்னேன். பேப்பர்ல இல்ல, போன்னுட்டாரு. பேப்பர் வச்சிருக்கறவன் இங்கிலீஷ்ல பேசறான், நான் இன்னா பேசறது?"

நீங்கள் கோப்பையை நீட்டினீர்கள். அவர் தொடவில்லை. "இத்த பட்டறையில வாங்கி நான் இன்னா சார் பண்றது? அத்தினி ஜனம் பாக்க உன்னத் தூக்கிக்கினு போனாங்க. அத்தினி ஜனம் பாக்கக் குடு, வாங்கிக்கறேன்." என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

ரேஸ் நடத்துகிறவர்களிடம் போனீர்கள். கையெழுத்தான முடிவை மாற்ற முடியாது, கிளறினால் உங்கள் மனைவி பெயர்தான் கெடும் என்றார்கள். மறுவருடம் கோப்பையோடு போனோம். முந்தைய வருடத்தைவிடப் பெரிய கூட்டம். மத்தியானமே கயிறு அறுந்து, போலீஸ் வந்து, ரேஸையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். மேடையும் இல்லை, பரிசும் இல்லை. அதன் பிறகு சில வருடம் அனுமதியே கிடைக்கவில்லை.

எழுபதுகளில் மறுபடி ஆரம்பித்தபோது நாம் போய்ப் பார்த்துத் திகைத்துவிட்டோம். பெட்ரோல் விலை எங்கேயோ போய்விட்டது. வண்டிகளே பாதிதான். கயிறு இருந்தது, ஆனால் அதன்மேல் துண்டு காயப்போடலாம், அவ்வளவு இடம். கடலைக்காரர் ஒருவர்தான், அவரும் படுத்திருந்தார். முன்பெல்லாம் ஜனங்களின் சத்தத்தில் வண்டிச் சத்தம் கேட்காது. இப்போது தூரத்து வளைவில் கியர் மாற்றுவது மேடைவரை கேட்டது. உங்களுக்கும் வயது ஏறிவிட்டது, ஓட்டவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தோம், கோப்பை பையில். இரும்புலியூர்க்காரரும் வந்திருந்தார். சுற்றும் முற்றும் பார்த்து, "இவ்ளோதான் கூட்டமா? அட்த்த வர்சம் பாக்கலாம் சார்" என்றார். அடுத்த வருடம் அதைவிடக் குறைச்சல். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் வருடம் அவரே நம்மிடம் வந்தார். வண்டியை விற்றுவிட்டாராம். "அந்த ஜனம் இனிமே வராது சார். வந்தவங்க முன்னாடி குட்த்துடு, போதும்."

ரேஸ் நடத்துகிறவர்களில் புதிதாக வந்திருந்த காரியதரிசி சின்ன வயசு, நல்ல பிள்ளை. பரிசளிப்பு முடிந்ததும் உங்களிடம் மைக்கைக் கொடுத்தார். நீங்கள் ஆரம்பித்தீர்கள்: "அந்த வருஷம் எண்ணினதுல ஒரு தப்பு நடந்துபோச்சு..." யார் தப்பு என்று நீங்கள் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. உட்கார முடியவில்லை. மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். "எண்ணினது நான். ஒரு சுத்து விட்டுட்டேன். கேட்டப்போ தெரிஞ்சே மாத்திச் சொன்னேன். ஜெயிச்சது இவர்தான்" என்று இரும்புலியூர்க்காரரைக் காட்டினேன்.

பாதி தெரிஞ்சு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஐந்தாறு பேர் கை தட்டினார்கள். கடலைக்காரர் எழுந்து, "இன்னாவாம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். இரும்புலியூர்க்காரர் கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேச்சுத் தேச்சு மேல்பூச்சே போச்சே சார்!" என்றார். அப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "வரேன் அண்ணி" என்று சொல்லிக் கிளம்பினார். நான் அண்ணியானது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது ரயிலில் நீங்கள் சொன்னீர்கள்: "அன்னைக்குப் பார்த்தவங்க ஆயிரம் பேர். இன்னைக்குக் கேட்டவங்க ஐம்பது பேர். மிச்சப் பேருக்கு யாரும்மா சொல்றது?" பார்க்கும்போதெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து கல்யாண வீட்டிலோ ரேஷன் கடை வரிசையிலோ யாராவது "சார்தானே அந்த வருஷம் ஜெயிச்சது!" என்றால் நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள். என்னைப் பார்ப்பீர்கள். நான் முழுக்கதையையும் சொல்வேன். மாடம்பாக்கத்தில் ஒருத்தர் யாரிடமோ அப்படிச் சொன்னார் என்று கேள்விப்பட்டு, வண்டியில் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டீர்களே! "போய்ச் சொல்லிட்டு வா, நான் நிக்கறேன்." அன்றைக்கு உங்களை அறைய வேண்டும் போலிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டேன். உங்களைக் கூடத்தில் வைத்திருந்தோம், பெட்டியை இன்னும் மூடவில்லை. முடிச்சூரிலிருந்து ஒரு வயதானவர், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உங்கள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். என் கையைப் பிடித்து, "அம்மா, அந்த வருசம் ரேஸ்ல ஜெயிச்சாரே, தோள்ல தூக்கிக்கினு போனோமே, அதுல இந்தப் பக்கத்துக் கால் என் தோள்மேலதாம்மா இருந்துச்சு" என்று அழுதார்.

சொல்ல வாயைத் திறந்தேன். பழக்கத்தில் உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் அப்படியே படுத்திருந்தீர்கள்.

"ஆமாங்க" என்றேன்.

உங்களுக்காகச் சொன்னேனா, அவருக்காகவா, எனக்காகவா, எனக்கே தெரியவில்லை. இந்தத் தடவை பாதி தெரிந்து இல்லை, முழுக்கத் தெரிந்தே சொன்னேன். நாற்பது நாளாகச் சோறு இறங்கவில்லை. எல்லாரும் உங்களை நினைத்துத்தான் என்று நினைக்கிறார்கள்.

பேரனிடம் அட்ரஸ் கேட்டு வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முடிச்சூர் போகிறேன். அவர் நம்ப மாட்டார், தோளைத் தட்டிக் காட்டுவார். பரவாயில்லை, இரண்டு தடவை சொல்வேன். வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். ஜெயித்தது நீங்கள் இல்லை என்று சொல்ல, முதல் தடவையாக நீங்கள் இல்லாமல் போகிறேன்.