கண்ணாடிக்குள் செத்தவன்

ஜூன் 9, திங்கள்

மழை. சீருடை காயவில்லை, ஈரத்தோடு டூட்டி. பகல் முழுக்கப் பயிற்சி. கதிரியக்க விபத்து நடந்தால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று. கண்ணை மூடுகிற விஆர் கண்ணாடி ஒன்று, இரு கையிலும் பிடிக்க ரிமோட் மாதிரி ஒன்று. நடத்துகிறவன் மிதுன், திருவனந்தபுரத்துக்காரன். மீசை முளைத்து நாளாகவில்லை. இன்சார்ஜ் லீலா என்னைத்தான் முதலில் பிடித்துத் தள்ளினாள். என்மேல் அவ்வளவு பிரியம்.

கண்ணாடிக்குள் காஷுவாலிட்டி, அவசர சிகிச்சை அறை. ஸ்ட்ரெச்சரில் ஒருவன், தொடையிலிருந்து ரத்தம். உடம்பெல்லாம் கதிரியக்கத் தூசி என்று காதில் குரல். பயந்து பின்னால் நகர்ந்தேன். அதற்குள் சிவப்பு எழுத்து: நோயாளி இறந்தார். காரணம், தாமதம்.

தாமதமாம். என் கையில் தாமதத்தால் ஒருவனும் செத்ததில்லை.

"சிஸ்டரே, ஆதியம் உயிரு. தூசி பின்னே," என்றான் மிதுன். முதலில் உயிராம், தூசி அப்புறமாம். எல்லோர் முன்னாலும் சொன்னான், சிரித்துக்கொண்டு.

கண்ணாடியைக் கழற்றியதும் தலைசுற்றல், வாந்தி. கக்கூஸ் வாசலில் லீலா: "விசேஷம் வல்லதும் உண்டா, ஷீபா?" அவள் நாக்கில் புண் வர.

சீனி தீர்ந்தது. மகள் அம்முவுக்குக் குடை வாங்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடி அதே கண்ணாடி. துணியை வெட்டி எடுத்தாலே பெரும்பாலான தூசி போய்விடுமாம். கவுன், கையுறை, மாஸ்க் போட்டுத் தொட்டால் நமக்குப் பெரிய ஆபத்தில்லையாம். ஏசி அறையில் நின்று சொல்கிறவனுக்கு என்ன? இன்று அந்த ஆள் பிழைத்தான். மிதுன் கை தட்டினான். ஓர் அறை விட்டிருக்கலாம்.

வீட்டில் சுரேஷ்: "இதெல்லாம் நமக்க பக்கம் வருமாக்கும்?" கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன அபூர்வ விஷயம்.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது. மத்தியானம் அமரவிளையில் வேன் கவிழ்ந்து, டிரைவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சின்னப் பையன். மேல்கை கிழிந்து ரத்தம். கொண்டுவந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை: "வண்டியில கதிர்வீச்சுப் படம் போட்ட மஞ்சப் பெட்டி கிடக்கு!" கதிர்வீச்சை வைத்துக் குழாய் வெல்டிங்கைச் சோதிக்கும் கருவி. காஷுவாலிட்டி மொத்தமும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் போனில் மேலிடத்தைக் கேட்டபடி.

லீலா வாசலை மறித்தாள். "விவரம் தெரிஞ்சவங்க வரட்டு. அது வரை வெளியே கிடக்கட்டு."

ரத்தம் படியில் வழிகிறது. கவுன், கையுறை, மாஸ்க் மாட்டினேன்.

"ஒனக்கு ஒரு பிள்ளை உண்டு, மறக்காதே."

"அவனும் யாருக்கோ பிள்ளைதான். வழி விடு."

விடவில்லை. தள்ளினேன். கதவில் போய் மோதினாள். வருத்தமில்லை.

காயத்தை அழுத்திக் கட்டினேன். துணியை வெட்டிப் பையில் போட்டுப் பை வாயை முடிந்தேன்.

"அக்கா, செத்துருவேனா?"

"மிண்டாதே மக்கா, பேசாம கிட. கையை ஆட்டாதே."

பிறகுதான் டாக்டருக்குக் கையுறை அகப்பட்டது. பையனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு ஆட்கள் வந்தார்கள். பெட்டி உடையவில்லை. அவன்மேலும் என்மேலும் ஒன்றுமில்லை.

வீட்டு கேட்டில் சுரேஷ். செய்தி எனக்கு முன்னால் எங்கள் ஊர் பாறசாலைக்கு வந்திருந்தது.

"அங்கயே நில்லு."

"சோதிச்சாச்சு. ஒண்ணும் இல்ல."

"அவனுவ அப்படித்தான் சொல்லுவானுவ. எனக்க பிள்ளைக்கு வல்லதும் ஆச்சுன்னா?"

"ஒங்களுக்க பிள்ளையா? அப்ப எனக்கு அவ யாரு?"

அம்முவைப் பைக்கில் ஏற்றிக் காரோட்டுக்கு, அவன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டிலேயே நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

தள்ளிவிட்டதற்கு லீலா புகார். விளக்கம் எழுதித் தரும் வரை டூட்டி இல்லை. எழுதப்போவதில்லை.

டிரைவர் கண் விழித்தானாம். கை முழுசாய்த் தேறுமா தெரியாது. உயிர் உண்டு.

மிதுன் போன். பாராட்டு. நான் செய்ததைப் புதுப் பயிற்சிக் காட்சியாக்க வேண்டுமாம்.

"எனக்க மாப்பிள்ளை என்னை ரோட்டுல நிப்பாட்டினதையும் சேர்ப்பியா?"

நானே தொடர்ந்தேன்.

"அதுக்கு என்ன செய்யணும்னு ஒனக்க கண்ணாடியில உண்டா?"

வைத்துவிட்டேன். அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தேன் என்பது இன்னும் எரிச்சல்.

ஜூன் 14, சனி

வெயில். சுரேஷ் போன்: "ஒண்ணும் இல்லேன்னு எழுதி வாங்கீட்டு வா. பிறவு பிள்ளையைக் கொண்டு வாறேன்."

வாங்கவில்லை. பஸ் ஏறிக் காரோட்டுக்குப் போனேன். வாசல் நடையில் கையைக் குறுக்கே வைத்து நின்றான். அம்மு அந்தக் கைக்கடியில் நுழைந்து ஓடி வந்தாள்.

"அம்மையைத் தொடாதேட்டீ!" என்று கத்தினான்.

அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். செருப்புகூடப் போடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் பின்னால் வரவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை.