என் பெயரில் ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து

தர்ஷினி அப்பாவுக்கு,

இன்று குன்னூரில் எனக்கு அக்குபஞ்சர் என்று தெரிந்தும், என்னைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைத் தேயிலைக் கொழுந்து எடுக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். "ஊசி குத்துனா எட்டு வருசத் தோள்வலி போயிருமா?" என்று கங்காணியிடம் சிரித்தீர்களாம்.

வலி ஊசிக்குக் கேட்கிறதா, அங்கே யாரும் கூப்பிடாமல் அரைமணி நேரம் படுத்திருப்பதற்குக் கேட்கிறதா, எனக்கும் தெரியாது. அங்கே போகத் தொடங்கிய இந்த மூன்று வாரமாக, வலித்த இடது பக்கம் திரும்பித் தூங்குகிறேன். எனக்கு அது போதும்.

சோறு சட்டியில் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

ராஜகுமாரி

பி.கு.: எனக்குப் பதிலாக நீங்கள் கொழுந்தெடுக்க வருவீர்கள் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டேன். பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இருபது கிலோ சுமந்துவிட்டு வந்து சாயங்காலம் சிரியுங்கள்.

தைலம் ஜன்னலில் இருக்கிறது. முதுகுக்கு நான் தேய்த்துவிட மாட்டேன்.