செங்கமாரி இறங்கின தண்ணி

என் ஈரக்குலையே, தங்கச்சி ரைஹானா,

அன்றைக்கு உன் வீட்டில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்கிறேன், கேள். நான் இருந்தேன். நம்ம உம்மா இருந்தா. பக்கத்து வீட்டுப் பல்கீஸ் மாமி இருந்தா. உன் மகள் நஸ்ரின், சின்னப்பிள்ளை, என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் புருஷன் சாலிஹீன் வாசலில். நடுவில் நீ கதிரையில், காலைச் சட்டிக்குள் வைத்தபடி. உனக்கு முன்னால் குந்தியிருந்தவர் நாட்டு வைத்தியத்தில் செங்கமாரி இறக்குகிற கபூர் பரிசாரி.

காமாலை கண்டு கண் மஞ்சளித்து நாளாகியிருந்தது. "மூத்திரம் பால் விடாத பிளேன்டி மாதிரிப் போகுது ராத்தா" என்று என் காதில்தான் சொன்னாய். கறி தாளிக்கிற மணம் வந்தாலே ஓங்காளம். உடம்பெல்லாம் சொறி. நான் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, ஆட்டுப்பாலில் தந்தேன். குறையவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போவம் என்று நீயே கேட்டாய்.

சட்டியில் சுண்ணாம்புத் தண்ணி. பரிசாரி தன் கையால் உன் முழங்காலிலிருந்து கீழே வழித்து வழித்துக் கழுவினார். தண்ணி மெல்ல மஞ்சளாகினது.

"பாருங்க, ஈரல்ல கிடந்தது இறங்குது."

"யா அல்லாஹ், முட்டைக் கரு மாதிரியெல்லோ!" என்றா பல்கீஸ் மாமி.

அந்தத் தண்ணியை முச்சந்தியில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார். மாமிதான் கொண்டுபோனா. திரும்பிப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவா. ஆனால் பின்னால் யாரோ கால் அலசுகிற சத்தம் கேட்டதாம். அது யார், நீயா?

வெளியில் லொறி ஹோர்ன் அடித்தது. சண்டை முடிந்து பாதை திறந்த நேரம். அகதியாகி வந்தபோது வடக்கில் விட்டுவந்த காணியைப் பார்க்க நம்ம கரைத்தீவு ஆம்பிளைகள் புறப்பட்டு நின்றார்கள். "தண்ணியே சொல்லிட்டுது, இன்னும் என்ன ஆஸ்பத்திரி?" என்று சாலிஹீன் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது நீ வெள்ளைத் துணிக்குள்.

உன்னைக் குளிப்பாட்டினது நானும் உம்மாவும். காது மடல், நகக்கண், விரல் இடுக்கு எல்லாம் பழுத்த எலுமிச்சை நிறம். குடம் குடமாக ஊற்றினோம். பலகையால் வழிந்த தண்ணி தெளிவாக ஓடினது. ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை. உம்மா என்னைப் பார்த்தா. நான் உம்மாவைப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோது சட்டி நிறைய இறங்கினதே, அது யாருடைய மஞ்சள், தங்கச்சி?

உன்னை அடக்கிவிட்டு வந்த சாலிஹீனிடம் அன்றைக்கே இதைச் சொன்னேன். எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள். நஸ்ரினும் ஒரு பிள்ளைக்குத் தாய். இந்த மாரியில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் இருந்து நீ என்னைப் பார்த்தாய். அதே கண், அதே மஞ்சள். உள்ளே அதே சட்டி, கூன் விழுந்த அதே கபூர் பரிசாரி. கூப்பிட்டது சாலிஹீன்.

"தாய்க்குப் பார்த்தவர் மச்சி, கைராசிக்காரர்" என்கிறார் என்னிடம்!

நான் குசினிக்குள் போய் வேறொரு சட்டியில் புதுச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தேன்.

"பரிசாரி, முதல்ல உங்கட கையை இதுக்குள்ள வைங்க."

"நோயாளி இல்லாம என்னத்தை இறக்கிற?"

"சும்மா வைங்க. என்ட சுண்ணாம்பு கடிக்காது."

அவர் எழும்பப் பார்த்தார். நான் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினேன். யாருடைய காலும் படாத தண்ணி மஞ்சளாகினது. சுண்ணாம்பு பட்டால் மஞ்சளாகிற மாம்பட்டைச் சாறு பூசின கை. மோந்து பார்த்தேன்.

நோய் பார்க்க வந்திருந்த பல்கீஸ் மாமி எட்டிப் பார்த்தா. "அல்லாஹ்வே, பரிசாரிக்கும் செங்கமாரி!"

அன்றைக்கே நஸ்ரினை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர்ப் பிள்ளை, என்னென்ன வேர், என்னென்ன குளிசை கொடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். "ஈரல் களைச்சுக் கிடக்கு உம்மா. மருந்துக்கு மேல மருந்து ஏத்தாதீங்க. பனடோல் கூட எங்களைக் கேட்டுத்தான்." கொதித்தாறின தண்ணி, கஞ்சி, படுக்கை. கீழாநெல்லியை நான் வெறுக்கவில்லை, கிணற்றடியில் இன்னும் நிற்கிறது. டொக்டரிடம் காட்டிக் கேட்காமல் இனிப் பிடுங்குவதில்லை.

கண் வெளுத்துக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவளுக்குக் கால் கழுவிவிடும்போது என் பார்வை தண்ணியிலேயே நிற்கிறது. மஞ்சளாக ஓடினால் பயம். தெளிவாக ஓடினால், உன்னைக் கிடத்தின பலகை நினைவு வந்து, அதற்கும் பயம். நீ பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறாயா?

நான் இருக்கும்வரை உன் பிள்ளையை அந்தச் சட்டிக்கு முன்னால் இருத்த விடமாட்டேன். அவள் பிள்ளையையும் விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. கபூர் பரிசாரி வயிற்றுக்காகச் செய்தவர், அவரை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். தெளிந்த தண்ணியின் கதையை என் வாயால் கேட்டும் உன் மகளுக்கு அதே சட்டியைக் கூப்பிட்டவரை மறுமையிலும் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் சாலிஹீன்.

உன்னோடு ஒரே தொட்டிலில் கிடந்த
ராத்தா ஸல்மா