வெந்நீரில் ஊறிய சேலை

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை இரவு

செல்வி, இந்நேரத்துக்கு உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். முதலில் என் நாட்குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன். காலையில் தைரியம் இருந்தால் போனில் அனுப்புவேன்.

இறந்துபோன உன் அம்மாவின் சுங்குடிச் சேலையில் உன் மகளுக்குக் கவுன் தைக்கச் சொல்லியிருந்தாய். இன்று மத்தியானம் பந்தல்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தாய். கவுனைப் பிரித்ததும் முகத்தில் வைத்து முகர்ந்தாய்.

"துவைச்சிட்டீகளாக்கா?"

"பழைய துணில்ல? வெந்நியில ஊறப்போட்டுத்தான் கத்திரியே வைப்பேன்" என்றேன், பெருமையாக.

"அம்மா கடைசியா கட்டுன சேலக்கா. ஒரு வருசமா பாலித்தீன் பையில கட்டி வச்சிருந்தேன். பாப்பாவுக்கு அவுக வாசமாவது தெரியட்டும்னுதான் குடுத்தேன். இப்ப சோப்புத்தான் மணக்குது."

நீ திட்டியிருக்கலாம். "தையல் நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாய்.

என் மகளுக்கு ஒருமுறை பழைய துணியால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பயம். எந்தத் துணியையும் துவைக்காமல் வெட்டுவதில்லை. நீ அந்தப் பையை அத்தனை இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அழுக்கென்று நினைத்து நேராக வாளியில் போட்டுவிட்டேன்.

அம்மா உடுத்திய வேறு துணி, ஒரு ரவிக்கையாவது, துவைக்காமல் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் என்னிடம் கொடுக்க வேண்டாம். நீயே வைத்துக்கொள். இருக்கிறது என்று மட்டும் சொல், செல்வி. சீக்கிரம் பதில் போடு.