கிட்ட நின்று எடுக்கிற லென்ஸ்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். கடிதத்தைக் கிழித்துப் போடவாவது கையில் எடுத்தாக வேண்டுமே, அதனால் எழுதுகிறேன். நலம்தானே? அண்ணிக்கு முட்டி வலி தேவலையா?

வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவளுக்கு, இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். ஒரு லென்ஸ் விஷயம். ஸ்டூடியோ வைத்திருக்கிற உன்னைத் தவிர அதை யாரிடம் கேட்பேன்?

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்தார்கள். குரல் போனதுதான் மிச்சம், நோய் திரும்பி வந்துவிட்டது. இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த அன்றே, தன்னை நன்றாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். காலமெல்லாம் மின்கம்பம் ஏறின மனிதர். ஆபீஸ் அடையாள அட்டையில் இருக்கிற முறைப்பைத் தவிர அவருக்கென்று ஒரு படம் கிடையாது. "உள்ள உக்கார வச்சு எடுக்காதே, ஆஸ்பத்திரி மூஞ்சி வந்துடும். வெளியில எடு. நீயே எடு" என்று கிசுகிசுப்பாகச் சொல்கிறார்.

என்கூட வேலை பார்க்கிற பெண் கேமராவை இரவல் தந்திருக்கிறாள். லென்ஸ் மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும். கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்து எது வேண்டும் என்கிறார். எனக்கு எல்லாம் டம்ளர் மாதிரிதான் தெரிகிறது. எதை எடுக்கட்டும்?

உன் தங்கை

ஜனவரி 17

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது.

135 எம்.எம். எடு. பதினைந்து அடி தள்ளி நில். முகம் கோணாமல் உள்ளபடி விழும். பின்னால் இருக்கிற சுவர், சைக்கிள், போகிற வருகிற ஆள் எல்லாம் கரைந்துபோகும். உச்சி வெயில் ஆகாது, கண்ணுக்குக் கீழே குழி விழும். காலையில் மர நிழலின் ஓரமாக உட்கார வை. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும், மூக்கில் வேண்டாம்.

அண்ணி விசாரித்தாள்.

அண்ணன்

ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் போட்டாயே, அது போதும். உன் கடிதத்தை அவர் இரண்டு தரம் படித்தார். "என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆனா என் கண்ணுக்குக் கீழ குழி விழக் கூடாதுன்னு கவலைப்படறாரு பாரு" என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது.

நீ சொன்ன லென்ஸோடு பூங்காவுக்குப் போனோம். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டு, பதினைந்து அடி தள்ளிப் போய் நின்றேன். அவர் ஏதோ சொன்னார். இப்போது அவர் பேசுவது வெறும் காற்றுதான் அண்ணா. பக்கத்தில் போனால்தான் கேட்கும். ஓடினேன். "காலர் மடங்கியிருக்கான்னு கேட்டேன்" என்றார். திரும்பி வந்து கேமராவைத் தூக்கினேன். மறுபடி உதடு அசைந்தது. மறுபடி ஓடினேன். "ஒண்ணுமில்ல, வெயிலா இருக்கே, நீ நிழலுக்கு வான்னேன்." அதற்கப்புறம் அவர் பேசுவதையே விட்டுவிட்டார், நான் ஓட வேண்டாமே என்று.

படம் பளிச்சென்று விழுந்திருக்கிறது, உன்னைக் குறை சொல்ல முடியாது. இமை மயிரைக்கூட எண்ணலாம். ஆனால் யாரோடும் பேச்சு இல்லாத மனிதருடைய முகம் அது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிட்ட நின்று எடுக்கிற லென்ஸ் இருக்கிறதா?

உன் தங்கை

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

50 எம்.எம். எடு. ஐந்தடியில் நிற்கலாம், அவர் சொல்வது உன் காதில் விழும். 35 என்று ஒன்று தருவான், இன்னும் கிட்டப் போகலாம் என்பான். போனால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் ஓடிவிடும், வேண்டாம். 50-இல் பின்னணி அவ்வளவாகக் கரையாது. பூங்காவில் நடக்கிறவர்கள் தெரிவார்கள். தெரிந்தால் தெரியட்டும்.

சிரிக்கச் சொல்லாதே. பேச விட்டு எடு. அவர் பேசி முடித்து, உன் பதிலுக்காக உன்னைப் பார்ப்பார். அப்போது அழுத்து.

மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்குகிறதா? ராத்திரி தூங்குகிறாரா? நீ தூங்குகிறாயா? கூடமாட யார் இருக்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் வரலாமா என்று அவரைக் கேட்டுச் சொல். கேமரா கொண்டுவர மாட்டேன்.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக அண்ணி போனில் சொன்னாள். அவரோடு வேலை பார்த்த லைன்மேன்களோடு சேர்ந்து அவரைத் தூக்க நீயும் தோள் கொடுத்தாயே, அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் வருவதாக அண்ணி போனில் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னாலேயே அவர் போய்விட்டார். அதை நினைத்து நீ மருகாதே. படம் எடுத்த கதையைச் சொல்கிறேன், கேள்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை 50-ஐ எடுத்துக்கொண்டு அதே பெஞ்சுக்குப் போனோம். முழங்கால் இடிக்காத தூரத்தில் நின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், எல்லாம் கேட்டது. புறாவைத் திட்டினார். என் செருப்பைக் கிண்டல் செய்தார். அப்புறம், "உங்க அண்ணன் வந்தா என்னை எப்படிக் கூப்பிடுவாரு?" என்றார்.

"அதான் லெட்டர்லயே எழுதியிருக்காரே."

"நான் படிச்சேன். நீ சொல்லு."

"மாப்பிள்ளைன்னு."

அப்போது அழுத்தினேன்.

அந்தப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். பின்னால் யாரோ நடந்துபோகிறார்கள், காலரும் ஒரு பக்கம் மடங்கித்தான் இருக்கிறது. எதையும் திருத்தாதே. உன் கையால் இரண்டு பிரதி போடு. ஒன்று எனக்கு அனுப்பு. இன்னொன்றை உன் வீட்டு முன்னறையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு. இது யார் என்று கேட்பார்கள். நீயே சொல்.

உன்
வாயாடி