மேகம் பார்க்க எடுத்த டிக்

12.11.07, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். காற்று இல்லை. ஏழு மணி ஷிப்ட்.

ஆபீஸ் சூப்பர்வைசர் ரகு சாரிடமிருந்து மெயில். வெள்ளி பதினொரு மணிக்கு சென்னை ஆபீசிலிருந்து நெட்வொர்க் ஆள் போன் செய்வாராம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் கம்ப்யூட்டரை அங்கிருந்தே திறந்து பார்ப்பாராம். வி.பி.என். இணைப்பில் இருக்கும்போது வேறு இன்டர்நெட்டும் ஓடுகிறதா என்று. ஓடினால் வேலை காலி.

ஓடுகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஓடுகிறது.

எழுதி வைத்தாலாவது பயம் குறைகிறதா பார்ப்போம்.

- வி.பி.என். போட்டால் என் கம்ப்யூட்டர் முழுசாக ஆபீசுக்குள் போய்விடும். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பியதைக் கேட்டு டைப் அடிக்கலாம். வேறு ஒரு பக்கமும் திறக்காது.
- மாமனாருக்கு சாட்டிலைட் மேகப் படம் வேண்டும். வீட்டுக் கொல்லையில்தான் அவருடைய தீப்பெட்டி ஆபீஸ், சின்னத் தொழிற்சாலை. பக்கவாட்டில் மருந்து தடவிய பெட்டிகளை முற்றத்து வெயிலில் காய வைக்க வேண்டும். இந்த மாதத்தில் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது.
- முதலில் ஒவ்வொரு தடவையும் வி.பி.என்.னை விட்டு வெளியே வந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஏன் லைன் கட் ஆகிறது என்று ரகு சார் கேட்டார்.
- செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டம். அதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் ஆபீஸ் வேலை ஆபீஸ் வழி, மற்றதெல்லாம் வீட்டு லைன் வழி. எடுத்துவிட்டேன்.

எல்லோருக்கும் வசதி. எனக்கு மட்டும் அன்றிலிருந்து போன் அடித்தாலே திக் என்கிறது. யாரோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட் என் வழியாக வெளியே கசிந்திருக்குமோ? அதற்குத்தானே இந்தக் கட்டுப்பாடு எல்லாம்.

கல்யாணமாகி ஒரு வருடம். இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது இந்த மேஜையும் இந்த வேலையும்தான்.

13.11.07, செவ்வாய்

டிக்கைத் திரும்பப் போட்டாயிற்று. போட்டதும் ஒரு நிம்மதி. ஒன்பதரை வரைதான்.

மாமா ஜன்னலில் வந்து நின்றார். "ஏம்மா, மேகம் எங்கன நிக்கி?"

டிக்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆபீசுக்குத் தெரியாமல் செய்தாயா என்பார். நேற்று சாயங்காலம் பார்த்த படம் ஞாபகம் இருந்தது. "கடல் பக்கந்தான் மாமா. இங்க வரல."

அவர் போய் போனை எடுத்தார். நாகலாபுரத்து ஆள் போல, அவர் களத்தில் உளுந்து காய்கிறதாம். "எங்க மருமவ பாத்துட்டா. தைரியமா காயப் போடுங்க அண்ணாச்சி."

இது எனக்குத் தெரியாது. எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டுக் காயப் போடுகிறார்கள்? அத்தையிடம் கேட்டேன். "நாலஞ்சு பேரு கேப்பாவ. ஒன் கம்ப்யூட்டருக்கு அம்புட்டு பேரு இருக்கு பாத்துக்கோ" என்று பெருமையாகச் சொன்னார்.

மழை வரவில்லை. தப்பித்தேன்.

14.11.07, புதன்

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிரேக்கில் வி.பி.என்.னை விட்டு வந்து படம் பார்த்தேன். பன்னிரண்டரைக்குத்தான் பார்க்க முடிந்தது. மாமாவுக்குப் பதில் சொன்னது பத்து மணிக்கு. நல்லவேளை இரண்டும் ஒன்றாக இருந்தது.

இவர் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தார். வேலை எப்படிப் போகிறது என்றார். நன்றாகப் போகிறது என்றேன்.

15.11.07, வியாழன்

நெஞ்சு ஆபரேஷன் ரிப்போர்ட் ஒன்று, அவசரம் என்று வந்தது. டாக்டர் வாய்க்குள்ளேயே பேசுகிற ஆள். பாதியில் மாமா ஜன்னலில். ஹெட்போனைக் கழற்றவே இல்லை நான். "இல்ல மாமா, வராது" என்று தலையை ஆட்டினேன். படம் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

பதினொன்றே காலுக்குக் குளத்தூர்ப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிஷம்கூட இல்லை. "ஏட்டி, தூக்குங்கட்டி, தூக்குங்க!" என்று பேச்சியம்மாக்கா கத்தினார். முற்றத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு மூத்தவர் அவர்தான். நானும் ஓடினேன். கால் கரிசலில் புதைந்து செருப்பு ஒன்று போயிற்று. பெட்டிகளை முந்தானையில் அள்ளி அள்ளிக் கொட்டினோம். மருந்து கரைந்து கையெல்லாம் செங்காவி. லேபிள் தனியாக, பெட்டி தனியாக. மூன்று நாள் வேலை பாழ்.

ஒருத்தி கேட்டாள், "மழ இல்லன்னு சொன்னாவளே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது மாமா குறுக்கே வந்து சொன்னார்: "அவள யாரும் ஒண்ணும் கேக்கப்படாது. மிசினு காட்டுனதத்தான அவ சொல்லுவா? மிசினு தப்பாக் காட்டுனா அவ என்ன செய்வா?"

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். எனக்காகப் பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்தால் ரிப்போர்ட் எங்கே என்று ரகு சார் மெயில். கீபோர்டில் சிவப்பு விரல் ரேகை. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

16.11.07, வெள்ளி

நல்ல வெயில். ஆனால் பெட்டிகளை யாரும் வெளியே எடுக்கவில்லை. மாமாவும் ஜன்னலுக்கு வரவில்லை. வராதது வந்ததைவிடப் பயமாக இருந்தது.

பத்தரைக்குப் பேச்சியம்மாக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து நீங்க படம் பாக்கல, சின்னம்மா."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"இங்கன நின்னு பாத்துட்டுதான இருந்தேன். எழுத்தாத்தான் ஓடுச்சு. மேகம் ஓடல."

சென்னைக்காரன் எங்கிருந்து பார்ப்பானோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, இவர் ஜன்னலிலேயே நின்று பார்த்திருக்கிறார்.

"மாமாட்ட சொல்லிட்டீங்களா?"

"நா எதுக்குச் சொல்லுதேன்? இன்னைக்காவது பாத்துச் சொல்லுங்க. நனஞ்சதெல்லாம் திரும்பச் செய்யணும். ஞாயித்துக்கெழமயும் வரச் சொல்லிட்டாவ. பிள்ள காய்ச்சலாக் கெடக்கு."

பதினொரு மணிக்கு அந்த ஆள் போன் செய்வார். அரை மணி இருக்கிறது. பேசாமல் பிரேக் வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இணைப்பைத் துண்டித்தேன், டிக்கை எடுத்தேன், திரும்ப இணைத்தேன். வெளியிலேயே இருந்து பார்த்தால், எங்கே காணோம் என்று ரகு சார் கேட்பாரே, அந்தப் பயம். படம் மெதுவாக இறங்கியது. மேகமெல்லாம் இலங்கைக்குக் கீழே. நம் பக்கம் சுத்தம். இரண்டு தடவை பார்த்தேன்.

"சாயங்காலம் வரைக்கும் போடலாம்க்கா."

அவர் போனார். டிக்கைத் திரும்பப் போடக் கை வைத்தேன். போன் அடித்தது. பத்து நாற்பது.

அந்த ஆள்தான். எனக்கு முந்தினவருடைய சோதனை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். என் மவுஸ் தானாக நகர்ந்தது. திரையில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து போய், அந்தக் கட்டத்தில் நின்றது. காலியாக இருந்தது.

"மேடம், இத யாரு எடுத்தது?"

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் எடுத்திருப்பார் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "நான்தான் சார்."

"எதுக்கு?"

"மழை வருதான்னு பாக்க."

"மழையா?" என்றார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம். இதைப் பற்றி ரிப்போர்ட் போகும், திங்கட்கிழமை ரகு சார் பேசுவார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அப்படியே முற்றத்துக்குப் போனேன். பெட்டிகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒன்றை எடுத்துக் காய்ந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நேத்து நான் படமே பாக்கல. பாக்காமதான் மழை இல்லன்னு சொன்னேன்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.